கெம்பாறை மான்களின் வயிறு

மார்ச் 3

கெம்பாறை வந்து சேர்ந்தேன். வனத்துறை ஓய்வு விடுதியின் பின்னறையை ஆய்வுக்கூடமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல். இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியதில்லை.

ஜனவரியிலிருந்து இந்தச் சரகத்தில் பத்தொன்பது புள்ளிமான்கள் செத்திருக்கின்றன. கடிபட்ட காயமில்லை, சுருக்குக் கம்பியில்லை. மெலிந்து, நின்ற இடத்தில் படுத்து, எழாமலே போயிருக்கின்றன. விஷமில்லை, ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயும் இல்லை என்று வேறு ஆய்வகங்கள் சொல்லிவிட்டன. மிச்சமிருப்பது குடல். அதனால் என்னை அனுப்பியிருக்கிறார்கள். ஆடுமாடுகளின் வயிற்றுப் புழுக்களைப் பார்ப்பதில் எனக்கு முப்பத்திரண்டு வருட அனுபவம். ஜூன் முப்பதோடு ஓய்வு. இதுதான் கடைசி வேலையாக இருக்கும்.

ரேஞ்சர் அருளானந்தம் மரியாதையானவர், ஆனால் அவசரக்காரர். "மேலேயிருந்து தினம் ரெண்டு போன் வருது மேடம். சீக்கிரமா ஒரு காரணம் சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றார். காரணம் சீக்கிரமாக வருமா என்று மானிடம்தான் கேட்கவேண்டும் என்றேன். சிரித்தார்.

மைக்ராஸ்கோப்பைப் பொருத்திப் பார்த்தேன். விளக்கு மங்கல். புது பல்பு கேட்டிருக்கிறேன்.

மார்ச் 5

முதல் சேகரிப்பு. கூட வருவதற்கு ஜடையன் என்கிற வேட்டைத் தடுப்புக் காவலரை விட்டிருக்கிறார்கள். நாற்பது வயதிருக்கும். கெம்பாறைக் குடியிருப்பைச் சேர்ந்த இருளர். அதிகம் பேசுவதில்லை.

சோலார் பம்பு வைத்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். போன வருடம் யாரோ நன்கொடையாகக் கட்டிக்கொடுத்த தொட்டியாம். காடெல்லாம் காய்ந்து கிடக்கிறது, அதைச் சுற்றி மட்டும் பச்சை. அறுபது மான்கள் வந்தன, குடித்தன, மேய்ந்தன, போயின. அவை போன பிறகு ஜடையன் புழுக்கைக் குவியல்களுக்கு மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இது இப்பப் போட்டதுங்க. சூடு இருக்குது. அது நேத்தையது, வேண்டாமுங்க."

பதினான்கு மாதிரிகள். ஒவ்வொன்றும் ஒரு பொட்டலம், ஒரு எண்.

திரும்பி வரும்போது கேட்டார். "இதுல என்னங்க தெரியும்?"

"வயித்துக்குள்ள யாரெல்லாம் குடியிருக்காங்கன்னு தெரியும்."

கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அவங்களைக் காலி பண்ணச் சொல்லிருவீங்களா?" என்றார்.

மாலை முதல் ஸ்லைடு. உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு மேல்துளியை எடுத்துப் பார்த்தால், உருண்டைப் புழுக்களின் முட்டைகள் மிதந்து நின்றன. மெல்லிய ஓடு, உள்ளே பதினாறு செல், முப்பத்திரண்டு செல் எனப் பிரிந்துகொண்டே இருக்கும் கரு. இந்தக் காட்சியை நான் லட்சம் தடவை பார்த்திருப்பேன். ஆனாலும் பார்வை குவிந்து முதல் முட்டை தெளிகிற அந்த நொடியில் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். ஒரு புழுக்கைக்குள் இத்தனை உயிர்கள், பிறக்கக் காத்துக்கொண்டு.

மார்ச் 6

புது பல்பு போட்டார்கள். இதுவும் மங்கல்தான்.

மார்ச் 9

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கனமான முட்டைகள் மிதக்காது, அடியில் தங்கும். அதற்காக வண்டலை எடுத்துப் பார்த்தேன். பெரிய முட்டைகள், ஒரு முனையில் மூடி வைத்தவை. தட்டைப்புழுவின் முட்டைகள். அவற்றில் இரண்டு வகை உண்டு. பொன் மஞ்சளாக இருந்தால் ஈரல் தட்டைப்புழு. பித்தநீரில் ஊறிய நிறம் அது. ஈரலைத் துளைத்து ஆளைக் கொல்லும். நிறமில்லாமல் இருந்தால் இரைப்பைத் தட்டைப்புழு. வளர்ந்தது பெரும்பாலும் சாதுவானது. இவை மஞ்சள். பதினான்கில் பதினொன்றில் இருந்தன.

சந்தேகமிருந்தால் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விடலாம். நீலப் பின்னணியில் மஞ்சள் தனியாகத் தெரியும். பெட்டியில் புட்டி இருக்கிறது, மூடியைப் பிரிக்கவில்லை. நிறத்தைக் கண்ணாலேயே பிரித்துப் பேர் வாங்கியவள் நான். மாணவர்கள் சண்டை போட்டால் என்னிடம்தான் ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

எழுதுவதற்கு முன் ஜன்னலருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் புழுவின் பயணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. முட்டை தண்ணீரில் விழவேண்டும். பொரிந்த குஞ்சு சில மணி நேரத்துக்குள் ஒரு நத்தையைக் கண்டுபிடிக்கவேண்டும், அதுவும் அதற்கேற்ற நத்தையை. அதன் உடம்புக்குள் ஒன்று நூறாகிப் பின் வெளியேறி, நீந்தி, ஒரு புல்லில் ஒட்டி உறை போர்த்திக்கொள்ளும். அந்தப் புல்லை ஒரு மான் கடிக்கவேண்டும். இத்தனை 'வேண்டும்'களையும் தாண்டித்தான் ஒரு புழு உருவாகிறது.

ரேஞ்சரிடம் சொன்னேன்: ஈரல் தட்டைப்புழு. நத்தையுள்ள தண்ணீர் தேவை. மாடுகளும் மான்களும் பகிர்ந்துகொள்கிற நோய்.

மார்ச் 11

ஓடைக்குட்டையில் இனி மாடுகள் இறங்கக்கூடாது என்று உத்தரவு. குட்டையில்தான் நத்தைகள் இருக்கின்றன, அங்கேதான் குடியிருப்பு மாடுகள் குடிக்கின்றன. என் அறிக்கையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

குடியிருப்பில் முப்பது மாடுகளாம். ஜடையன் வீட்டில் இரண்டு. ஒன்று சினை.

காலையில் நடக்கும்போது அவர் கேட்டார். "நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமா."

"சரிங்க" என்றார். இன்றைக்கு ஒன்பது மாதிரிகள்.

மார்ச் 14

மாடுகளை இப்போது ஆற்றுக்கு ஓட்டிப்போகிறார்கள். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. ஜடையன் மனைவி ரங்கிதான் ஓட்டுகிறார். இதை ஜடையன் சொல்லவில்லை, விடுதிச் சமையல்காரர் சொன்னார்.

வீட்டுக்காரர் போனில் கண் டாக்டரைப் பார்த்தாயா என்று மறுபடி ஆரம்பித்தார். போன வருடத்திலிருந்து இதே பாட்டு. கண்ணுக்கு ஒன்றுமில்லை. இங்கே வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். விடுதிப் படியின் விளிம்புகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லவேண்டும். இன்றைக்குக் கடைசிப் படியில் கால் தவறி முழங்கால் சிராய்த்துக்கொண்டது. படிகள் சமமாக இல்லை.

மார்ச் 17

இன்னும் இரண்டு சாவு. இரண்டும் அழுகிப்போன பிறகுதான் கிடைத்தன. பார்க்க எதுவும் மிஞ்சவில்லை.

மார்ச் 20

விரிவாக எழுதவேண்டும்.

காலை ஏழு மணிக்குச் செந்நாய்கள் ஒரு பெட்டைமானை அடித்ததை ஜடையன் பார்த்திருக்கிறார். அவை தொடைக்கறியைத் தின்றுவிட்டு எங்களைக் கண்டதும் நகர்ந்தன. அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடாது, அவற்றின் சாப்பாடு அது, என்று ஜடையன் சொன்னார். சரி என்றேன்.

நல்ல கொழுத்த மான். முதுகில் கொழுப்பு விரல் தடிமனுக்கு இருந்தது. முதலில் ஈரலை எடுத்தேன். எடுக்கும்போதே மனதுக்குள் அறுவை அறிக்கையை எழுதத் தொடங்கியிருந்தேன். ஈரல் வழவழப்பாக, கத்தி விளிம்பு போல் கூராக இருந்தது. அறுத்தேன். பித்தக்குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளந்தேன். ஒரு புழு இல்லை. ஒரு வடு இல்லை.

பிறகு மானின் நான்கு இரைப்பைகளில் முதலாவதைத் திறந்தேன்.

எப்படி எழுதுவது? உட்சுவர் முழுக்கச் சிவந்த மணிகள். மாதுளையை உடைத்து உள்பக்கம் காட்டியதுபோல். ஒவ்வொன்றும் அடிப்புற உறிஞ்சியால் சுவரைப் பற்றிக்கொண்டு, மான் செத்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும், மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஆயிரமாவது இருக்கும். இரைப்பைத் தட்டைப்புழு. ஒரு பெரிய ஊரே குடியிருக்கும் வயிற்றோடு இந்த மான் ஓடியிருக்கிறது, மேய்ந்திருக்கிறது, கொழுத்திருக்கிறது.

ஜடையன் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "இத்தனை பேரையும் வெச்சுக்கிட்டா இத்தனை நாளா ஓடிட்டிருந்துது?" என்றார்.

அரை மணியில் விலகினோம். செந்நாய்கள் திரும்பி வந்தன.

அதன் குடலிலிருந்து எடுத்த புழுக்கையை மாலையில் பார்த்தேன். மூடி வைத்த முட்டைகள் நிறைய. என் கண்ணுக்கு அவை மஞ்சள்.

மஞ்சளாக இருக்க வழியே இல்லை.

மார்ச் 21

காலை வெயில் மேசையில் விழுந்தபோது ஜடையனை உள்ளே கூப்பிட்டேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"இதுல பார்த்து என்ன நிறம்னு சொல்லுங்க."

ஒரு கண்ணை மூடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தலையைச் சாய்த்து, ஏதோ புதருக்குள் பார்ப்பவர்போல் அசையாமல் பார்த்தார்.

"நிறம் ஒண்ணும் இல்லீங்க. கண்ணாடி மாதிரி இருக்குது."

வேறு ஸ்லைடு வைத்தேன். ஒன்பதாம் தேதி பார்த்து எழுதி வைத்தது.

"இதும் அப்படித்தானுங்க. தண்ணி கெட்டிப்பட்ட மாதிரி."

"மஞ்சள் இல்லையா? நல்லாப் பாருங்க."

"மஞ்சள் எனக்குத் தெரியாதுங்களா டாக்டரம்மா?"

புட்டியின் மூடியைப் பிரித்து மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டேன். நான் பார்த்தேன். எனக்கு எல்லாமே பழுப்புப் படிந்த ஒரு பச்சையாகத் தெரிந்தது. அவர் பார்த்தார். "எல்லாம் நீலமுங்க. மஞ்சள் எங்கயும் இல்லீங்க."

சொல்லிவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, இதுக்குள்ளே குருத்து மாதிரி ஏதோ ஒண்ணு சுருண்டு கிடக்குது" என்றார். அவர் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இருபத்தைந்து வயதில் முதல் ஸ்லைடைப் பார்த்தபோது என் குரலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் போன பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். பிறகு இடதைப் பொத்திக்கொண்டு. பல்பைக் குறை சொல்லியிருக்கவேண்டாம்.

மார்ச் 22

ரேஞ்சர் அலுவலகம். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் வார்த்தை மாறிவிடும் என்று பயம். "என் முடிவு தப்பு. மான்களுக்கு ஈரல் தட்டைப்புழு இல்லை. இருப்பது வேறு. அது இந்தச் சாவுகளுக்குக் காரணமில்லை."

அருளானந்தம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மேடம், அறிக்கை மேலே போயாச்சு. மூணு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. இப்ப இதைக் கிளறி என்ன ஆகப்போகுது? ஏன் தப்பாச்சுன்னு கேட்பாங்களே, என்ன சொல்வீங்க?"

"கண் சரியில்லைன்னு சொல்வேன்."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதிக் குடுங்க. அனுப்பிடறேன். ஆனா இது இல்லைன்னா வேற என்னன்னு சொல்லாம மாட்டுத் தடையை எடுக்க என்னால முடியாது. புரிஞ்சுக்குங்க" என்றார்.

புரிந்தது. எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி. என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நீளமான நான்கு வரி.

மார்ச் 23

ஜடையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப எங்க மாடு தப்புப் பண்ணலீங்க" என்றார்.

"இதுவரைக்கும் நான்தான் பண்ணியிருக்கேன். எதுன்னு கண்டுபிடிக்கணும். என் கண்ணு போதாது. உங்க கண்ணு வேணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எப்பத்துல இருந்துங்க?" என்று மட்டும் கேட்டார். இப்போதிலிருந்தே என்றேன்.

மிதந்து நின்ற அந்தச் சிறிய முட்டைகளை நான் அலட்சியம் செய்திருந்தேன். உருண்டைப் புழுக்களில் பல இனம், எல்லாவற்றின் முட்டையும் ஒரே அச்சு. வளர்த்துப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும். புழுக்கையை நொறுக்கி, ஈரமாக்கி, எட்டுக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்தோம். எட்டு நாள் ஆகும்.

மார்ச் 25

ரங்கியின் சினைமாடு கன்று வீசிவிட்டது, குறைமாதத்தில் செத்த கன்று. ஆற்றிலிருந்து திரும்பும் வழியில், வெயிலில்.

வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜடையன் அங்கே இல்லை. ரங்கி மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், வேலையை நிறுத்தவில்லை.

"என்னாலதான் இப்படி ஆச்சு" என்றேன்.

"ஆமாங்க."

வேறு ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். மாட்டின் முதுகில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். பிறகு, "அவரு சொன்னாரு. நீங்களே போய்த் தப்புன்னு சொல்லிட்டீங்களாம். அதுக்காக இது திரும்பி வருமாங்க?" என்றார்.

"வராது."

"மத்த மாடெல்லாம் இன்னும் நடக்குதுங்க. அதுங்களுக்கு ஏதாச்சும் பண்ணுங்க. அப்புறம் வந்து பேசுங்க."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பதும் அவர் வேலையைக் கெடுப்பதுதான். வந்துவிட்டேன்.

மார்ச் 29

ஜடையன் விடியும்போதே கதவைத் தட்டினார். தொட்டிக்கு இருநூறு அடி தள்ளி ஒரு இளம் ஆண்மான், செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

உதட்டைப் பிரித்து ஈறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வெள்ளைங்க. சுவத்துச் சுண்ணாம்பு மாதிரி." தாடைக்குக் கீழே தொட்டேன், நீர் கோத்து மெத்தென்றிருந்தது. அதற்குக் கண் வேண்டியதில்லை. அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இந்தமுறை வாயைத் திறக்கவில்லை.

நான்காவது இரைப்பையைத் திறந்தோம். அந்தச் சுவர் உயிரோடு இருந்தது. தலைமுடி கனத்தில், ஒரு அங்குல நீளத்தில், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்கள். அந்தச் சிவப்பு மானின் ரத்தம், வெள்ளை புழுவின் கருப்பை. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு. ரத்தம் குடிக்கும் உருண்டைப் புழு: ஹீமாங்கஸ். ஒரு பெண்புழு ஒரு நாளில் ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். ஒரு புழு குடிப்பது ஒரு சொட்டு ரத்தம்தான். இங்கே இருந்தவை பல ஆயிரம்.

கொல்வதற்கு அவை வரவில்லை. வாழ வந்தவை. இந்த மான் செத்ததும் அவையும் இன்றைக்குள் செத்துவிடும். முப்பத்திரண்டு வருடமாக இவற்றைக் கொல்லும் மருந்துகளைப் பரிந்துரைத்தவள் நான். இன்றைக்கு அந்தச் சிவப்பு வெள்ளை முறுக்கின் முன்னால் குனிந்து நின்றபோது, இதைச் செய்தது யாரோ, எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார் என்று தோன்றியது.

ஜடையன் கத்தியைக் கழுவிவிட்டுக் கேட்டார். "போன மானுக்கு ஊரே இருந்துது, ஒண்ணும் ஆகலே. இது மட்டும் எப்படிங்க?"

"அது வாடகைக்கு இருந்தது. இது வீட்டையே தின்னுட்டுது. அதுவும் ஒரே நேரத்துல இத்தனை வந்தா எந்த மானும் தாங்காது. இத்தனை எங்கிருந்து வந்துதுன்னுதான் பார்க்கணும்."

மார்ச் 31

புட்டிகளில் புழுக்குஞ்சுகள் தயார். கண்ணாடியின் உட்புறம் ஏறி ஈரத்தில் பனிபோல் படிந்திருந்தன. இந்தப் பருவத்தில் அவற்றுக்கு வாய் கிடையாது. உறைக்குள் இருந்தபடி, உடம்பில் இருக்கும் சேமிப்பில் மட்டும் வாழ்ந்து, ஒரு மானின் வாய்க்காகக் காத்திருக்கும்.

இனத்தைக் காட்டிக்கொடுப்பது வாலின் நுனி. என்னால் அதைப் பார்க்க முடியாது. ஜடையனுக்குக் காகிதமும் பென்சிலும் கொடுத்தேன். "எப்படியிருக்கோ அப்படியே வரைங்க. நான் எதையும் சொல்ல மாட்டேன்."

ஐம்பது வால்களை வரைந்தார். ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, நான்கு மணி நேரம். அதைப் புத்தகத்துப் படங்களோடு ஒப்பிட்டேன். நாற்பத்து மூன்றில் வால் உறையின் நுனி லேசாக வளைந்திருந்தது. ஹீமாங்கஸ்.

அறிக்கையில் அவர் பெயரையும் போட்டிருக்கிறேன்: பார்த்தவர், வரைந்தவர், க. ஜடையன்.

ஏப்ரல் 6

நான்கு நாளாகப் புல் அறுக்கிறோம். நின்ற இடத்தில் ஒரு சாண் சதுரம், அறுத்து, கழுவி, அந்தத் தண்ணீரில் எத்தனை குஞ்சுகள் என்று எண்ணுவது. எண்ணுவதும் அவர்தான். ஓடைக்குட்டைக் கரை, மாட்டுப்பாதை, ஆற்றோரம், தொட்டியைச் சுற்றி.

குடியிருப்பு மாடுகளின் சாணத்தையும் பார்த்தோம். ரங்கி தாமாகவே எட்டு மாட்டுச் சாணத்தைத் தேக்கிலையில் பொதிந்து, எந்த மாடு என்று அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஏப்ரல் 7

ஓடைக்குட்டைக் கரையில் ஒரு சதுரத்துக்கு இரண்டு, மூன்று. மாட்டுப்பாதையில் ஒன்றுமில்லை, வெயில் எல்லாவற்றையும் கருக்கியிருக்கிறது. மாட்டுச் சாணத்தில் மிகக் குறைவு.

தொட்டியைச் சுற்றியுள்ள பச்சையில் ஒரு சதுரத்துக்கு நானூறு.

அந்தத் தொட்டி காட்டின் உள்பகுதியில் இருக்கிறது. ஒரு மாடுகூட அங்கே போனதில்லை.

நானும் ஜடையனும் அந்தப் புல்லில் போய் நின்றோம். குழாய் இணைப்பு கசிந்து, தொட்டி நிரம்பி வழிந்து, ஒரு ஏக்கருக்கு ஈரம். வருடம் முழுக்கக் காயாத ஈரம். வழக்கமான கோடையில் மான்கள் சிதறிப்போகும், புல் காயும், வெயிலில் குஞ்சுகள் செத்துப்போகும். இங்கே கோடையே வரவில்லை. மான்கள் எல்லாம் ஒரே பச்சையில் தின்று, அதிலேயே போட்டு, அதையே மறுபடி தின்றிருக்கின்றன. மான்கள் பிழைக்கட்டும் என்று கட்டின தொட்டி.

அதிகாலை ஈரத்தில் ஒரு புல்லைக் கிள்ளி லென்ஸுக்கு அடியில் வைத்தோம். ஜடையன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏறுதுங்க. தண்ணி இருக்கிற கோட்டைப் புடிச்சிட்டே ஏறுது. நுனிக்குப் போகுது. ஒண்ணு பின்னால ஒண்ணு." கண்ணில்லாமலும் வாயில்லாமலும் அவை புல்லின் நுனிக்கு வழி கண்டுபிடிக்கின்றன.

ஏப்ரல் 10

அருளானந்தத்தை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தொட்டியில் பதித்த கல்வெட்டில் பெயர்கள் இருந்தன. அதைப் பார்த்தபடி நின்றார்.

"இதை மூடினா என்னை ஊரே கேட்கும் மேடம். கோடையில தண்ணியை நிறுத்தினான்னு."

"தண்ணியை நிறுத்தவேண்டாம். கசிவை நிறுத்துங்க. இங்கே ஒரு மாசம் காயவிட்டு, தண்ணியைப் பாறைப் பக்கம் நாலு சின்னத் தொட்டியா மாத்தி மாத்தி வைங்க. புல் முளைக்காத இடமாப் பார்த்து."

"இந்தத் தடவை நிச்சயமா மேடம்?"

நியாயமான கேள்வி. ஐம்பது வால் படங்களையும் அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் புரட்டினார். பிறகு தாமே போய் வால்வைத் திருகினார். இறுகியிருந்தது, ஜடையனும் ஒரு கை பிடித்தார்.

மாட்டுத் தடை சாயங்காலமே விலகியது.

ஏப்ரல் 19

பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சாம்பலாகிவிட்டது. ஒரு சாவு. அது முன்பே நோய்ப்பட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 30

பதினொரு நாளாகச் சாவு இல்லை. புழுக்கைகளில் முட்டை எண்ணிக்கை பாதியாகியிருக்கிறது. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. ஆகவேண்டும் என்று இப்போது நான் நினைக்கவுமில்லை.

குட்டையில் மாடுகள் நிற்பதைப் பார்த்தேன். ரங்கி கரையில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை அவர். "அவரு இப்பல்லாம் சோத்துல கிடக்கிற கடுகைக்கூட உத்து உத்துப் பார்க்கிறாருங்க" என்றார்.

மே 24

மூன்று வாரம் எழுதவில்லை. வலது கண்ணில் கண்புரை அறுவை செய்தாயிற்று. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அதுவே குத்தியது.

கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது நர்ஸின் நீலப் புடவை. எத்தனை வருடமாக நான் நீலமே பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம், "இந்தப் புடவை என்ன நிறம்?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். தெரிந்தும் இன்னொரு தடவை கேட்டேன்.

ஜூன் 21

வேலை முடிய ஒன்பது நாள். கடைசிச் சேகரிப்புக்குக் கெம்பாறை வந்திருக்கிறேன். ஒரு வாரமாக மழை. காடு இன்னொரு காடாகிவிட்டது.

இதுவரை வயது வந்த மான்கள் மட்டும்தான். பிறந்த குட்டியின் வயிற்றைப் பார்த்ததில்லை. புழு எந்த நாளில் உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ள, குட்டியின் கழிவிலிருந்து ஒரு மாதிரியாவது வேண்டும். ஜடையன் ஈச்சம் புதர்களுக்கு நடுவே ஓர் இடம் சொன்னார். காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்கார்ந்தோம்.

பெட்டைமான் நின்றுகொண்டிருந்தது. காலடியில் நனைந்த ஒரு மூட்டைபோல் குட்டி. பிறந்து ஒரு மணி நேரம் இருக்கலாம். அதன் புள்ளிகளை இருபது அடியிலிருந்து என்னால் எண்ண முடிந்தது. ஒவ்வொன்றும் வெள்ளை, அத்தனை வெள்ளை. அது முன்னங்காலை ஊன்றியது, விழுந்தது. மறுபடி ஊன்றியது. நான்காவது தடவை நின்றது. நின்றதைத் தானே நம்பாததுபோல் அப்படியே நின்றது. பிறகு மடியைத் தேடிப் போய் முட்டியது.

குடிக்கும்போது வால் துடித்தது. "போடப் போகுதுங்க" என்று ஜடையன் என் காதருகில் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டேன். எண் எழுதி வைத்திருந்தேன்: 412.

தாய் மான் தலையைத் திருப்பியது. குட்டியின் வாலடியை நக்கியது. நக்கி, வந்ததை எல்லாம் தின்றது. ஒரு துளி தரையில் விழவில்லை. நிதானமாக, முழுமையாக, வாசனை என்று ஒன்று மிஞ்சாதபடி. சிறுத்தைக்குத் தெரியக்கூடாது. செந்நாய்க்குத் தெரியக்கூடாது. எங்களுக்கும்.

பிறகு குட்டியைப் புதருக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய், ஒன்றுமே நடக்காததுபோல் மேயத் தொடங்கியது. குட்டி இருந்த இடத்தை நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஜடையனைப் பார்த்தேன். அவரும் தலையசைத்தார், தெரியவில்லை என்று.

வெகுநேரம் இருந்தோம். மழை தூறியது. பிறகு சத்தமில்லாமல் எழுந்து வந்த வழியே நடந்தோம்.

பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். எண் 412. புள்ளிமான் குட்டி, வயது ஒரு மணி நேரம். மாதிரி கிடைக்கவில்லை. காரணம்: தாய் தரவில்லை.